குடையின் வரலாறு, இரண்டாம் பாகம்

1

இது என் சித்தியின் கதை. யாரிடமும் சொல்லாதே என்று சொல்லித்தான் சொன்னார். நான் சொல்லவில்லை, எழுதத்தான் செய்கிறேன்.

சித்தி நூலகத்தில் பட்டியல் அட்டை எழுதுபவர். முப்பது வருடத்தில் ஒரு பிழைகூட இல்லை என்ற பெருமை அவருக்கு உண்டு. அதைச் சொல்லிச் சொல்லியே சித்தப்பாவை ஒரு வழி பண்ணிவிட்டார்.

2

மழை கொட்டிக்கொண்டிருந்த ஒரு சனிக்கிழமை, (அடித்துவிட்டேன். குடைக் கதையை மழையில் ஆரம்பிப்பது சோம்பேறித்தனம்.)

குடைக்காரர் என்று சித்தி சொல்பவர் குடை விற்பவரில்லை. குடையைப் பற்றி அச்சான புத்தகங்களையெல்லாம் சேர்ப்பவர். அவரிடம் இல்லாதது ஒன்றே ஒன்று, ‘குடையின் வரலாறு, இரண்டாம் பாகம்’. நூலகத்தில் அதன் அட்டை இருந்தது, புத்தகத்தைக் காணோம். பதினோரு வருடமாகச் சனிக்கிழமை தவறாமல் வந்தார்.

“கிடைச்சுதாம்மா?”

“இன்னும் இல்லைங்க. எவனோ சுருட்டிட்டான்.”

3 (அவசரக்காரர்கள் தாண்டலாம்)

ஒரு காலத்தில் நூலகப் பட்டியல் என்பது தைத்த நோட்டு. புதுப் புத்தகம் வந்தால் நடுவில் எழுத இடமிருக்காது. அதற்காகத்தான் தனித்தனி அட்டைகள் வந்தன. எதையும் எங்கேயும் செருகலாம். வம்பும் அங்கேதான் ஆரம்பம்.

4

அட்டைகளைக் கணினியில் ஏற்றும் வேலை வந்தபோது, சித்தி அந்த அட்டையை உருவினார். அவருடைய கையெழுத்து. பல பாகப் புத்தகத்துக்கு அட்டை எழுதும் விதத்தைப் புது ஊழியர்களுக்குக் காட்ட, இல்லாத இரண்டாம் பாகத்துக்கு எழுதிய மாதிரி. அதையும் மற்றவற்றோடு இழுப்பறையில் அவரே அடுக்கியிருக்கிறார். அட்டையை வீட்டுக்குக் கொண்டுவந்து சித்தப்பாவிடம் காட்டினார்.

“கிழிச்சுப் போட்டுட்டுப் பேசாம இரு” என்றார் சித்தப்பா.

சித்தி அப்படியே செய்வதாக ஒரு வரைவு எழுதினேன். நன்றாகத்தான் வந்தது. ஆனால் அதில் இருந்தது சித்தி இல்லை, நான்.

5

“அப்படி ஒரு புத்தகமே இல்லைங்க. நான் மாதிரிக்கு எழுதின அட்டை. இத்தனை வருஷம் உங்களை அலைய விட்டுட்டேன். மன்னிச்சிடுங்க.”

குடைக்காரர் அட்டையை முன்னும் பின்னும் திருப்பினார்.

“அப்ப என்கிட்ட எல்லாமே இருக்கா?”

“இருக்குங்க.”

“எத்தனை வருஷமா?”

“பதினோரு வருஷமா.”

அவர் முகத்தில் அப்படியொரு சந்தோஷம். நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். கொஞ்ச நேரத்தில் அது வடிந்துவிட்டது.

“இனிமே சனிக்கிழமை நான் எங்கம்மா போறது?”

6

சித்தி அட்டையைக் கிழிப்பதாக ஒரு முடிவு எழுதினேன். குடைக்காரரை நினைத்து மனசு கேட்கவில்லை. திரும்பச் செருகுவதாக இன்னொன்று எழுதினேன். சித்தி என்னைச் சும்மா விடமாட்டார். மூன்றாவதாக, குடைக்காரர் பூட்டுகளைப் பற்றிப் புத்தகம் சேர்க்க ஆரம்பி…

வேண்டாம். இழுப்பறை திறந்திருக்கிறது. அட்டை மேஜைமேல் இருக்கிறது. இருவரும் அதைப் பார்க்கிறார்கள், இருவருக்கும் சிரிப்பு வருகிறது, யாரும் கையை நீட்டவில்லை. நீங்கள் பக்கத்தில்தானே நிற்கிறீர்கள், எடுங்கள்.