வெள்ளை வந்தால் சம்மதம்

அம்மன் கோயிலில் பொட்டலத்தைப் பிரித்த அபிதகுசாம்பாளின் உள்ளங்கையில் செவ்வரளி கிடந்தது. பக்கத்தில் நின்ற அவள் புருஷன் தென்னரசுக்கு உடம்பெல்லாம் மயிர் குத்திட்டது.

ரைஸ்மில் எலக்ட்ரீசியன். விவரம் தெரிந்த நாள் முதல் சாமி கும்பிடாதவர். மகள் சத்யப்ரியாவுக்குத் தன் கூட்டாளி பிலவேந்திரனின் மகன் சார்லியைப் பேசி முடித்துவிட்டு, சாதியாவது மதமாவது என்று ஆரணி பஸ் ஸ்டாண்டு வரைக்கும் தம்பட்டம் அடித்தவர். பெண்டாட்டிதான் ஒற்றைக் காலில் நின்றாள். அம்மனிடம் பூ கேட்காமல் தட்டு மாற்றக் கூடாதாம். இரண்டு பொட்டலத்தில் ஒன்றை எடுக்க, வெள்ளை வந்தால் சம்மதம், சிவப்பு வந்தால் வேண்டாம். கல்லைக் கேட்டா கல்யாணம் செய்வது என்று அவருக்கு எரிச்சல். காலையில் அவள் குளிக்கப் போன நேரம் பார்த்து, சிவப்புப் பூ இருந்த பொட்டலத்தைப் பிரித்து அரளியை எடுத்து எறிந்தார். மல்லிச் சரத்தில் ஒரு துண்டு நறுக்கி, பூ உதிராமலிருக்க நார் நுனியை ஒயர் முறுக்குவதுபோல முறுக்கி உள்ளே வைத்துக் கட்டினார். இப்போது இரண்டிலும் வெள்ளை. எதை எடுத்தாலும் சம்மதம்தான்.

அப்படியிருக்க இந்தச் சிவப்பு எங்கிருந்து வந்தது? இத்தனை வருஷம் இல்லை இல்லை என்று பேசியதெல்லாம் பொய்யா? அவரைக் கேட்காமலே கைகள் கூப்பப் போயின. பதறிப்போய் இழுத்துக்கொண்டு, தட்டில் கிடந்த இன்னொரு பொட்டலத்தைப் பிய்த்தார். அதிலும் சிவப்பு.

"அய்யோ தாயே! ரெண்டு வாட்டி வேணாங்கிறாளே!" அபிதகுசாம்பாள் கன்னத்தில் போட்டுக்கொண்டு சன்னதி வாசலில் விழுந்தாள்.

அவர் மகளைப் பார்த்தார். வீட்டிலிருந்து தட்டைத் தூக்கி வந்தவள் அவள்தான்.

"நீயாம்மா?" அவள் பக்கம் குனிந்து கேட்டார்.

"பிரிச்சிப் பாத்தேன்பா. ரெண்டும் வெள்ளையா இருந்திச்சி."

"புடிக்கலன்னா எங்கிட்ட சொல்றதுக்கின்னாம்மா?"

"நீங்க எங்கப்பா கேட்டீங்க? ஊரெல்லாம் சொல்லிகினு இல்ல இருந்தீங்க. அம்மனாச்சும் கேக்குமேன்னு இருந்தேன். அதுவும் பாதிக்குப் பாதிதான். அதையும் எடுத்துட்டீங்களே."

அவனவன் வாழ்க்கை அவனவன் கையில் என்று டீக்கடையில் வாய் ஓயாமல் பேசுகிற மனுஷன், பிய்த்த பொட்டலத்தை மறுபடி மடித்துக்கொண்டிருந்தார்.

சத்யப்ரியா அம்மாவைத் தூக்கிவிடக் குனிந்தாள். அவள் பின்னலில் இரண்டு துண்டு மல்லி. அதில் ஒன்றின் நுனியில் அவர் போட்ட முறுக்கு அப்படியே இருந்தது.