மூன்றாவது சிலிண்டர்

வலது தோள்பட்டையில் யாரோ ஆணி அடித்து வைத்த மாதிரி இருந்தது. ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் வாரம் முழுக்க ஈரப் போர்வைகளை இயந்திரத்திலிருந்து உருவி உருவித் தள்ளுவண்டியில் போட்ட கை அது. உலர்ந்த போர்வையைச் சின்னப் பிள்ளைகூடத் தூக்கிவிடும். நனைந்த போர்வை பிணக் கனம் கனக்கும். விடுமுறை நாளில் அந்தக் கையைத் தூக்கித் தலைவாரக்கூட முடியவில்லை. இடது கையாலேயே முடியை அள்ளி முடிந்துகொண்டு வீட்டுக்குப் பின்னால் இருந்த தகர ஷெட்டுக்குப் போனாள்.

போகிற வழியில் கணவன் தேநீர்க் கோப்பையோடு நின்றான். அவனே போட்ட தேநீர். கல்யாணமான நாளிலிருந்து அடுப்புப் பக்கம் தலைவைத்துப் படுக்காத மனுஷன், இன்னிக்கு ஒரு நாள் ஷெட்டுக்குப் போகாமல் படுத்திருக்கலாமே என்றான். அவளுக்கு அது அதிசயமாகத்தான் இருந்தது. குடித்துவிட்டுக் கோப்பையை அவன் கையிலேயே கொடுத்துவிட்டு நடந்தாள்.

சலவைக்கூடத்தில் அவளுக்கு 'கிரீஸ்' என்று பெயர். எத்தனை சோப்புப் போட்டாலும் நகக்கண்ணில் கறுப்பு போகாது. "என்ன கிரீஸ், உன் ராசா கண்ணைத் திறந்தாரா இல்லையா?" என்று திங்கட்கிழமை தோறும் கூட வேலை பார்க்கிறவர்கள் கேட்பார்கள். ராசா என்பது ஷெட்டில் நின்ற கார். அவள் பிறப்பதற்கு முன்னால் ஓடியது. பழைய இரும்புக் கடையில் வெட்டி எடைக்குப் போட இருந்ததை அவள்தான் மல்லுக்கட்டி மீட்டாள். லாரி ஓட்டும் தம்பிதான் கயிறு கட்டி வீடுவரை இழுத்து வந்தான். உனக்கு எதற்கு இந்தப் பிணம் என்று கேட்டவர்களுக்கெல்லாம் அவள் ஒரே பதில்தான் சொன்னாள். ஆயுசு முழுக்க அடுத்தவன் அழுக்கைத்தான் வெளுக்கிறேன், இது என் சொந்த அழுக்கு.

கதவுகளின் துருவைச் சுரண்டினாள். இறுகிப்போயிருந்த ஓட்டுநர் இருக்கையின் தண்டவாளத்தைத் தேய்த்துத் தேய்த்து முன்னும் பின்னும் ஓட வைத்தாள். எஞ்சின் மட்டும் முரண்டு பிடித்தது. நாலு சிலிண்டரில் மூன்றாவதில் பிஸ்டன் துருவேறிச் சுவரோடு ஒட்டிக்கொண்டிருந்தது. அதை அவசரப்படுத்தினால் உடையும். மண்ணெண்ணெயும் எஞ்சின் எண்ணெயும் கலந்து மேலிருந்து ஊற்றி, ஊறவிட்டு, விடுமுறைக்கு விடுமுறை முன்பக்கத்து நட்டில் நீளமான ஸ்பேனரை மாட்டிக் கொஞ்சம் முன்னே அழுத்துவாள், கொஞ்சம் பின்னே இழுப்பாள், விட்டுவிடுவாள். அவ்வளவுதான் வைத்தியம். வெகுநாள் அசையவில்லை. பிறகு ஒரு மயிரிழை அசைந்தது. போன மாதம் ஒரு நகத்தளவு. அப்போதே கணவனிடமும் தம்பியிடமும் நேருக்கு நேர் சொல்லி வைத்தாள்: எதை வேண்டுமானாலும் தொடுங்கள், எஞ்சினைத் தொடாதீர்கள்.

காரணம் இருந்தது. அந்த ரகக் கார் கொஞ்ச காலம்தான் தயாரானது. அவள் ஏறி இறங்காத பழைய இரும்புக் கடை இல்லை, இன்னொன்றைப் பார்த்ததில்லை. சிலிண்டர்களைத் தாங்கும் எஞ்சின் பிளாக்கில் அடித்திருந்த எண்ணும் வண்டியின் தகட்டில் இருந்த எண்ணும் ஒன்று. அந்த எஞ்சினில், அதன் சொந்த மூச்சில், அந்த வண்டியை ஒரு நாளாவது ஓட்டிவிட வேண்டும். வேறு ஆசை எதையும் அவள் யாரிடமும் கேட்டதில்லை.

ஸ்பேனரை மாட்டி, நோகாத கையால் அழுத்தினாள். ஸ்பேனர் சரேலென்று கீழே இறங்கியது.

நட்டுத்தான் வழுக்கிவிட்டதோ என்று குனிந்து பார்த்தாள். இல்லை. மறுபடி அழுத்தினாள். எஞ்சின் வெண்ணெயில் கத்தி இறங்குகிற மாதிரி சுற்றியது. அவளுக்குச் சிரிப்பு வந்தது. தனியாக நின்று வாய்விட்டுச் சிரித்தாள். கணவனைக் கூப்பிடத் திரும்பியவள், இன்னும் ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டுக் கூப்பிடலாம் என்று அழுத்தினாள். உள்ளே ஏதோ கடகடவென்று உருண்டது.

சிரிப்பு அப்படியே நின்றுபோனது. விளக்கை எடுத்துக்கொண்டு வண்டிக்கு அடியில் மல்லாந்து படுத்தாள். தரையில் புது மரத்தூள் தூவியிருந்தது. கையால் தள்ளினாள், அடியில் எண்ணெய் குளமாக நின்றது. விளக்கை மேலே தூக்கினாள். பிளாக்கின் பக்கச் சுவரில் கைமுட்டி நுழைகிற அளவுக்கு ஓட்டை. பிஸ்டனை எஞ்சின் தண்டோடு இணைக்கிற கனெக்டிங் ராட் உடைந்து, அதன் முனை ஓட்டையில் பல் மாதிரி துருத்திக்கொண்டிருந்தது. பக்கச் சுவரையாவது ஒட்டுப் போடலாம். விரலை உள்ளே விட்டுத் தடவினாள். சிலிண்டரே நெடுக விரிசல் விட்டிருந்தது. அதற்கு ஒட்டு கிடையாது. பிஸ்டன் மட்டும் ஒட்டின இடத்திலேயே அசையாமல் உட்கார்ந்திருந்தது.

முன் அச்சில் புதிதாகக் கயிறு உரசிப் பெயிண்ட் போயிருந்தது. அதைப் பார்த்ததும் வேறெதையும் பார்க்க வேண்டியிருக்கவில்லை. உடுத்தியிருந்த எண்ணெய்த் துணியோடு லாரி நிறுத்தத்துக்கு நடந்தாள்.

தம்பி கூட்டாளிகளோடு டயர்மேல் உட்கார்ந்து சீட்டாடிக்கொண்டிருந்தான். அவள் வருகிற வேகத்தைப் பார்த்ததுமே சீட்டைக் கவிழ்த்து வைத்தான். முதலில் எனக்கு ஒன்றும் தெரியாது என்றான். பிறகு லேசாகத்தான் இழுத்தேன் என்றான். பழைய கார் வைத்திருப்பவர்கள் நடத்தும் ஊர்வலத்துக்கு அக்கா வண்டி முதல் ஆளாக வரும் என்று இங்கே எல்லாரிடமும் அவன் சொல்லி வைத்திருந்தான். அதற்கு இன்னும் பத்தே நாள்தான். அதனால் நாலு நாளைக்கு முன்னால் அவள் வேலைக்குப் போன நேரம் பார்த்துக் கயிறு கட்டியிருக்கிறான்.

"இழுத்து ஸ்டார்ட் ஆகாத வண்டி ஏதாவது உண்டாக்கா? என் லாரி மழையில நனைஞ்சா தினமும் இப்படித்தான் கிளம்புது. நான் என்ன, வேணும்னா செஞ்சேன்?"

"உன் லாரி தூங்குது, எழுப்புறே. இதுக்கு எலும்பு முறிஞ்சிருந்தது. கட்டு போட்டு வெச்சிருந்தேன். அதைப் புடிச்சு ரோட்டுல தரதரன்னு இழுத்திருக்கே."

"சரி விடுக்கா, வேற எஞ்சின் போட்டுக்கலாம். நானே கொண்டாறேன்."

"மரத்தூள் எதுக்குடா போட்டே?"

சீட்டாடினவர்களில் ஒருத்தன், அக்கா தேநீர் சாப்பிடுறீங்களா என்றான். அவள் திரும்பிப் பார்த்த பார்வையில் அவன் எழுந்து லாரிக்குப் பின்னால் போய்விட்டான். உடைத்ததைக்கூடப் பொறுக்கலாம் போல இருந்தது அவளுக்கு. தூவி மூடிவிட்டு நாலு நாளாக ஒரே தெருவில் எதிரே வந்து சிரித்திருக்கிறானே, அதுதான் பொறுக்கவில்லை.

அப்போதுதான் அவளுக்கு அது உறைத்தது. கயிறு கட்டி இழுப்பது ஒற்றை ஆள் வேலையில்லை. முன்னால் லாரியை ஒருத்தன் ஓட்ட வேண்டும். பின்னால் காருக்குள் ஒருத்தன் உட்கார்ந்து, கியரைப் போட்டு, வேகம் பிடித்ததும் கிளட்ச்சிலிருந்து காலைத் தூக்க வேண்டும்.

"கிளட்ச்சை விட்டது யாரு?"

தம்பி கவிழ்த்து வைத்த சீட்டையே பார்த்துக்கொண்டிருந்தான்.

வீட்டுக்குத் திரும்பினாள். நேராக ஷெட்டுக்குப் போய்க் காரின் கதவைத் திறந்தாள். ஓட்டுநர் இருக்கை கடைசிவரை பின்னால் தள்ளியிருந்தது. தம்பி அவளைவிடக் குள்ளம். அந்த வீட்டில் நெட்டைக் கால் ஒருத்தனுக்குத்தான் இருந்தது. அந்தக் காலுக்கு வாகாக வழுக்கிக்கொண்டு போகும்படி இருக்கையைத் தேய்த்துக் கொடுத்ததும் அவள்தான்.

கணவன் சமையலறையில் கழுவின கோப்பையையே மறுபடி கழுவிக்கொண்டிருந்தான். அவள் வாசற்படியில் நின்றாள். கேட்க வேண்டிய தேவையே இருக்கவில்லை, அவனாகவே ஆரம்பித்தான். மச்சான்தான் வந்து நச்சரித்தான் என்றான். உனக்கே தெரியாமல் ஓடவைத்துக் காட்டினால் சந்தோஷப்படுவாய் என்று நினைத்தேன் என்றான். உள்ளே ஏதோ படார் என்றதும் உடனே காலை வைத்து அழுத்திவிட்டேன், சத்தியமாக அழுத்திவிட்டேன் என்றான். கடைசியில்தான் சொன்னான்:

"தோளு தோளுன்னு ராத்திரியெல்லாம் முனகுறே. ஞாயித்துக்கிழமையானா அதே தோளை வெச்சு அந்த நட்டோட மல்லுக்கு நிக்கிறே. பாக்க முடியல. சீக்கிரம் முடிஞ்சா நீ உக்காருவியேன்னுதான்."

அதில் பொய் இல்லை என்பது அவளுக்குத் தெரிந்தது. தெரிந்ததால் ஆத்திரம் இரண்டு மடங்கானது.

"என் தோளு வலிக்குதுன்னா வீட்டுத் துணியைத் துவைச்சுப் போட்டிருக்கலாமே. தண்ணி எடுத்து வெச்சிருக்கலாமே. இத்தனை வருஷத்துல வலிக்குற தோளுக்கு நீ பார்த்த ஒரே வைத்தியம் இதுதானா? எனக்குப் புடிச்சது இருந்ததே ஒண்ணு. அதைத்தான் முடிச்சுவிடணும்னு தோணுச்சா?"

கணவன் கோப்பையைக் கவிழ்த்து வைத்தான். அவள் அன்றைக்குச் சமைக்கவில்லை. ஷெட்டுக்குப் போய், எண்ணெயில் ஊறிய மரத்தூளை வாளி வாளியாக அள்ளிக்கொண்டு வந்து, சமையலறை நடுவில் கொட்டினாள். தூவினவனும் துணைபோனவனும் சேர்ந்து வந்து இதை அள்ளட்டும் என்றாள். சாயங்காலம் இரண்டு பேரும் குந்தி உட்கார்ந்து அள்ளினார்கள்.

ஊர்வலம் அவள் இல்லாமலே நடந்தது. அடுத்த வாரம் தம்பி லாரியில் ஓர் எஞ்சினை ஏற்றிக்கொண்டு வந்தான். விபத்தில் நசுங்கிய புதுக் காரிலிருந்து கழற்றியது, பளபளவென்று இருந்தது. இதற்குப் பக்கத்தில் உன்னுடையது நிற்குமா என்றான். அவள் தார்ப்பாயைத் தூக்கிப் பார்த்தாள்.

"அம்மா செத்தா வேற அம்மாவா கொண்டாந்து வெப்பே? ஏத்துடா வண்டியில."

"ஏத்தித்தான்க்கா இருக்கு, இன்னும் இறக்கவே இல்ல."

"அப்ப லாரியைத் திருப்பு. கொண்டாறதுன்னா இதே ரகக் காரோட பிளாக்கைக் கொண்டா, மத்ததை நான் பார்த்துக்கிறேன்."

ஊரிலிருந்து அம்மா போனில் அழுதாள். ஓட்டை இரும்புக்காகக் கூடப்பிறந்தவனோடு பேசாமல் இருப்பாயா என்றாள். பேசிக்கொண்டுதான் இருக்கிறேன், பிளாக் எங்கே என்று தினமும் கேட்கிறேனே என்றாள் மகள். தம்பி மனைவி மட்டும்தான் அவள் பக்கம் நின்றாள். "எங்க வீட்டுக் குழாயையும் இவரு இப்படித்தான் அண்ணி, லேசாத்தான் திருகினேன்னாரு. மூணு நாள் தெருவே நீச்சலடிச்சுது. விடாதீங்க" என்று சொல்லி, வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அவளுக்கும் சிரிப்பு வரப் பார்த்தது. வரவிடவில்லை.

இப்போது விடுமுறை நாட்களில் மாமனும் மச்சானும் லாரியை எடுத்துக்கொண்டு, வெளியூர்ப் பழைய இரும்புக் கடைகளாக ஏறி இறங்குகிறார்கள். போவது அவர்கள் இஷ்டமில்லை, அவள் உத்தரவு. ரகத்தை அடையாளம் கண்டு தேட, பிளாக்கின் எண்ணிருந்த பக்கத்தைக் காகிதத்தில் தேய்த்து அச்செடுத்துக் கையில் கொடுத்திருக்கிறாள். வெறுங்கையோடு, கறுத்த முகத்தோடு, பசியோடு வருகிறார்கள். சோறு போடுகிறாள். ஊர்வலத்தைப் பற்றியோ, தோளைப் பற்றியோ யாரும் வாய் திறப்பதில்லை.

போன வாரம் சாப்பிடும்போது, தட்டைப் பார்த்தபடியே தம்பி கேட்டான்:

"இன்னும் மன்னிக்கலையாக்கா?"

"மன்னிப்பெல்லாம் எப்பவோ குடுத்தாச்சு. பிளாக்தான் வரல."

கணவன் அவளுக்குச் சோற்றுப் பாத்திரத்தை நகர்த்தி வைத்தான். அவள் வலது கையால் எடுக்கப் போய், வலி சுண்டி இழுத்ததும் இடது கையை நீட்டினாள். இரண்டு ஆண்களும் அதைப் பார்க்காத மாதிரி சாப்பிட்டார்கள். அந்தக் காருக்குச் சேர்கிற ஓர் எஞ்சின் பிளாக்கை அந்த இரண்டு பேரும் அவளுக்குத் தர வேண்டும். இன்னும் தரவில்லை.