திறப்பு விழா ஐஸ்

பெனியாட்டாவின் உடல் புது ஐஸ் ஆலையின் குளிர் அறையில் கிடந்தது. தீவில் குளிர்ந்த இடம் அது ஒன்றுதான். வெளிநாட்டுக் கப்பல் பிடிக்கும் சூரை மீனைக் கணக்கெடுக்க அரசு அனுப்பிய ஆள் அவன். வழுக்கி விழுந்துவிட்டான் என்று சொல்லி, பிணத்தைக் கரையில் இறக்கிவிட்டுப் போய்விட்டது கப்பல். வழுக்கி விழுந்தவனுக்குப் பின்மண்டையில் மூன்று வெட்டு எப்படி வரும் என்று அவன் மனைவி தீரியா ஊரெல்லாம் கேட்டாள். பார்த்துச் சொல்ல வேண்டிய டாக்டர் வியாழக்கிழமை விமானத்தில்தான் வருவார்.

திறப்பு விழாவோ செவ்வாய்க்கிழமை. ஆலையைத் தானமாகக் கட்டிக் கொடுத்ததும் அந்தக் கப்பலின் நாடுதான். ஆலைக்கு மேலாளராகியிருந்த கொழுந்தன் கபுவாட்டி திங்கள் காலையிலேயே வந்து நின்றான்.

"அண்ணி, தூதர் கதவைத் திறக்கும்போது உள்ள அண்ணன் கிடந்தா நல்லாவா இருக்கும்? இன்னிக்கே அடக்கம் பண்ணிடலாம்."

"டாக்டர் பாக்காம ஒரு பிடி மண்ணு விழாது. உங்கிட்ட புபூட்டியா கேக்குறேன். வியாழன் வரைக்கும் அங்கேயே இருக்கட்டும்."

புபூட்டி என்று சொந்தபந்தம் வாய்விட்டுக் கேட்டால் கட்டிய துணியையும் அவிழ்த்துக் கொடுக்கிற தீவு இது. கபுவாட்டி தரையைப் பார்த்தான்.

"அது என் சொத்தா அண்ணி, எடுத்துக் குடுக்க?"

"கூடப் பொறந்தவன் உன் சொத்துதானேடா?"

பாவி, பொழுது சாய்வதற்குள் உடலை அவள் வீட்டுப் பாயில் கொண்டுவந்து கிடத்திவிட்டான்.

மறுநாள் அந்த நாட்டுத் தூதர் மாலையும் கழுத்துமாக நின்று ரிப்பன் வெட்டினார். வீட்டுக்கு ஒரு மூட்டை ஐஸ் இலவசம் என்றார்கள். தீரியாவும் வரிசையில் நின்று வாங்கினாள். வாங்கியவள் நகரவில்லை. அடுத்து வந்தவளிடம், "புபூட்டி, அக்கா" என்று கையை நீட்டினாள். அவள் மறுபேச்சுப் பேசாமல் மூட்டையை இறக்கி வைத்தாள். வீட்டில் மீன் கெட்டுப்போகும் என்று முணுமுணுத்தவளும் கொடுத்துவிட்டுத்தான் போனாள். ஐஸ் இடுப்புயரம் குவிந்தது.

தூதர் சிரித்துக்கொண்டே ஏதோ கேட்டார். மொழிபெயர்க்க நின்ற கபுவாட்டிக்கு முகம் வெளுத்தது.

"என்னடா கேக்குறாரு?"

"அம்மாம் பெரிய மீனா பிடிச்சிருக்கீங்கன்னு கேக்குறாரு, அண்ணி."

"என்ன மீனுன்னு நீயே சொல்லு. உங்க வீட்டு மீனுதானே."

கபுவாட்டி தூதரிடம் திரும்பினான். "ஆமாங்கய்யா, ரொம்பப் பெரிய மீனு" என்றான். தூதர் கை தட்டினார். பெண்களில் ஒருத்தியும் தட்டவில்லை.

தீரியா முதல் மூட்டையைத் தோளில் ஏற்றினாள். அதற்குள் முதுகெல்லாம் நனைந்துவிட்டது.

"நாளைக்கும் வேணும்னு சொல்லு. வியாழன் வரைக்கும் உங்க அண்ணன் கெடாம இருக்கணும்."