டத்தோ வீட்டு எண்ணெய்

தீபாவளி முடிந்த கையோடு பத்துமலையின் மோட்டர்சைக்கிளுக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தது. சிலிபின் பாலத்து மேட்டில் எஞ்சின் ஊரைக் கூட்டும். வண்டி மட்டும் மனசில்லாமல் ஊரும். முறுக்க முறுக்கச் சத்தம்தான் ஏறியது, வேகம் ஏறவில்லை. பத்துமலை ஈப்போவில் டத்தோ பட்டம் வாங்கிய ஒரு பெரிய மனிதருக்குக் கார் ஓட்டுகிறவர். டத்தோவுக்கே கார் ஓட்டுகிறவருக்குத் தெரியாத வியாதியா? பின்னால் உட்கார்ந்திருந்த மனைவி துளசியைத் திரும்பிப் பார்த்தார். கண்டுபிடித்துவிட்டார்.

"முறுக்கு, அதிரசம்னு உள்ள தள்ளுனல்ல? வெயிட் தாங்கல லா. மோட்டர் என்னா செய்யும், பாவம்!"

துளசிக்குச் சுருக்கென்றது. ஆனால் அன்றைக்கு ரவிக்கை உண்மையிலேயே இறுக்கமாக இருந்தது. அதனால் நம்பிவிட்டாள்.

மறுநாளே ரொட்டி சானாயை விட்டாள். தேத்தண்ணியில் சீனியை விட்டாள். ராத்திரிச் சோற்றையும் விட்டாள். அவள் வயிறு காய்ந்ததே ஒழிய மோட்டர் ஒரு மேட்டையும் உருப்படியாக ஏறவில்லை. "இன்னும் கொறைக்கணும்" என்றார் டாக்டர் பத்துமலை. இதை வீட்டோடு வைத்துக்கொள்கிற மனிதரா அவர்? ஷாஃபியின் சாப்பாட்டுக் கடையில் நாலு பேரை வைத்துக்கொண்டு சொன்னார். நாலு பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்களாம். அதையும் அவரே வந்து சொன்னார். பசியைத் துளசி பொறுத்துக்கொண்டாள். அந்தச் சிரிப்பைத்தான் பொறுக்க முடியவில்லை.

அந்தச் சமயம் பார்த்துத் துளசியின் தங்கை தினேஸ்வரி புது வீடு குடிபோனாள். தாப்பா பக்கம், எண்ணெய் எடுக்கும் செம்பனைக்கு மாறிவிட்ட ஒரு பழைய ரப்பர் தோட்டத்தில், மேட்டின் உச்சியில் வீடு.

"நீ பஸ்ல வாயேன். நான் மோட்டர்ல வந்துர்றேன்" என்றார் பத்துமலை.

தனியாகப் போய் இறங்கினால் சொந்தக்காரர்கள் ஏன் என்று கேட்பார்கள். இவர் சொல்வார். அங்கேயும் சிரிப்பார்கள். "நானும் மோட்டர்லதான் வருவேன்" என்று பலகாரத் தூக்கோடு ஏறி உட்கார்ந்தாள்.

சமதரையில் வண்டி சமர்த்தாகத்தான் போனது. காம்பார் தாண்டியது, தாப்பா தாண்டியது. தோட்டத்து மேட்டில் கால்வாசி ஏறியதும் கத்தத் தொடங்கியது.

"எறங்கு! ஒன்னைய வச்சிக்கிட்டு ஏறாது!"

மேலே பந்தலில் நின்ற சனம் மொத்தமும் பார்த்தது. துளசி தூக்கை இடுப்பில் வைத்துக்கொண்டு, தலையைக் குனிந்தபடி நடந்தாள்.

பாரம் தொலைந்த பத்துமலை முழுசாக முறுக்கினார். எஞ்சின் அலறியது. கருகல் வாடை வந்தது. மோட்டர் அசைந்து அசைந்து போனது. துளசி அதை எட்டிப் பிடித்தாள். பிறகு தாண்டியும் போனாள். அப்போதுதான் அவளுக்குச் சுரீரென்று உறைத்தது. நின்று திரும்பினாள்.

"ஏங்க, இப்ப பின்னால யாரு ஒக்காந்திருக்கா?"

பந்தலில் சிரிப்பு வெடித்தது. இந்தத் தடவை அவளைப் பார்த்து இல்லை. பத்துமலை இறங்கி, மோட்டரைத் தள்ளிக்கொண்டு வந்து சேர்ந்தார்.

மறுநாள் சிலிபினில் உஸ்மானின் மோட்டர் பட்டறைக்குத் துளசியும் கூடவே போனாள். உஸ்மான் கிளட்ச் பிடியை அமுக்கி, கேபிளில் தளர்வு சரியாக இருக்கிறதா என்று பார்த்தார். சரியாகத்தான் இருந்தது. டாப் கியரைப் போட்டு, பிரேக்கை இறுக்கிக்கொண்டு, முறுக்கியபடியே கிளட்ச்சை விட்டார். எஞ்சின் அது பாட்டுக்கு ஓடியது.

"இந்நேரம் எஞ்சின் செத்துருக்கணும் ணே. நிக்காம கத்துது பாருங்க. கிளட்ச் வழுக்குது. கடைசியா என்னா எண்ணெய் ஊத்துனீங்க?"

பத்துமலையின் நெஞ்சு நிமிர்ந்தது. பட்டறையில் இருந்த எல்லாருக்கும் கேட்கட்டும் என்று குரலை உயர்த்தினார். "டத்தோ காருக்கு ஊத்துற எண்ணெய்! மிச்சத்த எங்கிட்டதான் குடுத்தாரு. தீபாவளிக்கு நாம எண்ணெய் தேச்சுக் குளிக்கிறோம்ல, மோட்டருக்கும் ஒரு குளியல் போட்டேன்!"

"அலாமாக்! கார்ல கிளட்ச் தனியா இருக்கும். மோட்டர்ல கிளட்ச் பிளேட்டு எஞ்சின் எண்ணெய்லயே ஊறிக் கெடக்கு. ஒண்ண ஒண்ணு கவ்வணும். கார் எண்ணெய்ல வழுவழுப்பு கூட, அத ஊத்துனா எப்படிக் கவ்வும்? பிளேட்டே கருகிப் போயிருக்கும்."

பத்துமலை தாடையைச் சொறிந்தார். பிறகு தீர்ப்புச் சொன்னார். "எண்ணெய்ல கொறை சொல்லாத தம்பி. அது ஒசந்த சரக்கு. இந்த மோட்டருக்குத்தான் அந்த யோகமில்ல."

துளசிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "எம் மேல இல்லாத கொறைய ஷாஃபி கடை வரைக்கும் போய்ச் சொன்னீங்க. அந்த எண்ணெய் மேல இருக்குற கொறைய இங்க நின்னு சொல்ல ஒங்களுக்கு வாய் வரல!"

உஸ்மான் ஸ்பேனரைத் தேடுகிற சாக்கில் குனிந்துகொண்டார்.

சாயங்காலம் புதுப் பிளேட்டும் மோட்டருக்கான எண்ணெயுமாக வண்டி தயாரானது. துளசியிடம் லைசென்ஸ் இருந்தும், அவர் கூட இருக்கும்போது இத்தனை வருஷமாக அவள் பின்னால்தான் உட்கார்ந்திருந்தாள். இப்போது சாவியை வாங்கி முன்னால் ஏறினாள்.

"எங்க போற?"

"ஷாஃபி கடைக்கு. ஏறுங்க."

பாலத்து மேட்டில் மோட்டர் இரண்டு பேரையும் சுமந்துகொண்டு சத்தம் போடாமல் ஏறியது. பத்துமலையும் சத்தம் போடவில்லை.

கடையில் அந்த நாலு பேரும் வழக்கமான மேசையில் இருந்தார்கள். துளசி பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"ஷாஃபி அண்ணே, ரொட்டி சானாய் ரெண்டு. தேத்தண்ணிக்குச் சீனி தூக்கலா."

பிறகு கணவர் பக்கம் திரும்பினாள்.

"ம், இப்ப சொல்லுங்க. மோட்டருக்கு என்னாவாம்?"