கைராசிக்காரி

பீர்க்கன்கரணை ஏரிக்கரைத் தெருவில் குடியிருந்த கனகவல்லி, காமாலை கண்டு படுத்திருந்த பக்கத்து வீட்டுக்காரருக்குக் கீழாநெல்லியை அரைத்து மோரில் கலக்கிக் கொடுத்தாள். அம்மா வீட்டில் எல்லோரும் செய்ததுதான். அவர் எழுந்து நடமாடியதும், அவளுக்குக் கைராசி என்று பேச்சு பரவிவிட்டது. எண்பத்தெட்டாம் வருஷம் அது.

அதற்குப் பிறகு தினமும் விடிந்ததும் வாசலில் ஆட்கள். தங்கையின் வளைகாப்புக்குக்கூட அவளால் போக முடியவில்லை. பாதிப் பேருக்கு ஓய்வெடுத்தாலே சரியாகிவிடும் என்று கணவர் பக்தவச்சலத்திடம் சொல்லிப் பார்த்தாள். அவர் கேட்கவில்லை. ஆபீசில் அவருக்கு இப்போது தனி மரியாதை. தேடி வந்தவர்களைத் திருப்பி அனுப்புவது பாவம் என்றார்.

ஆடி மாதத்தில் ஒருநாள் கன்னியம்மா என்பவள், கொத்து வேலை செய்யும் தன் புருஷன் அரிகிருஷ்ணனை ரிக்‌ஷாவில் கொண்டுவந்தாள். கண் மஞ்சள் பூத்திருந்தது. வயிறு ஊதியிருந்தது. பேரைக் கேட்டால் சம்பந்தமில்லாமல் உளறினான். கனகவல்லி பயந்துபோய், உடனே ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னாள்.

கன்னியம்மா படியில் உட்கார்ந்துவிட்டாள். "ஆஸ்பத்திரி வேணாங்க்கா. உன் கையால ஒரு வாய் குடு, போதும். எல்லாருக்கும் குடுக்குற, எங்களுக்கு மட்டும் இன்னா?"

கொடுத்தால் அவனை வீட்டுக்குக் கொண்டுபோய்ப் படுக்க வைத்துவிடுவாள். கொடுக்காவிட்டால் இங்கேயே கிடப்பாள். கூட்டம் வேடிக்கை பார்த்தது. கொடுத்து அனுப்பு என்று பக்தவச்சலம் உள்ளிருந்து ஜாடை காட்டினார்.

கனகவல்லி மருந்தைக் கிண்ணத்தில் எடுத்துக்கொண்டாள். "ஊசி போட்ட உடம்புலதான் இது வேலை செய்யும். வா, நானும் வர்றேன்," என்று பொய் சொல்லி ரிக்‌ஷாவில் ஏறினாள்.

தாம்பரத்து ஆஸ்பத்திரியில் அவனைச் சேர்த்துக்கொண்டு டிரிப் ஏற்றினார்கள். கன்னியம்மா அசந்த நேரத்தில் கனகவல்லி மருந்தை ஜன்னல் வழியே கொட்டினாள். கொடுத்தாயிற்று என்று இன்னொரு பொய்யும் சொன்னாள்.

அரிகிருஷ்ணன் பிழைத்தான். கன்னியம்மா பூவும் பழமுமாக வந்து, அக்கா கை பட்டுத்தான் உசிரு வந்தது என்று தெருவெல்லாம் சொன்னாள். கனகவல்லி அவளை உள்ளே அழைத்து உண்மையைச் சொன்னாள்.

"நான் குடுக்கவே இல்ல கன்னியம்மா. கீழ கொட்டிட்டேன். காப்பாத்தினது டாக்டர்."

கன்னியம்மா சிரித்தாள். "பெரிய மனசுக்கா உனுக்கு. பேர்கூட வேணாங்குற."

வெளியே போய் அதையும் சேர்த்துச் சொன்னாள். மேடவாக்கத்திலிருந்தெல்லாம் ஆட்கள் வரத் தொடங்கினார்கள். அந்த வாரமே பக்தவச்சலம் பெரிய அம்மி ஒன்று வாங்கி வந்து போட்டார்.