நார் தெரிகிற குழாய்

ஷார்ஜாவில் பதினொரு வருஷம் குழாய்க் கம்பெனியில் வேலை பார்த்துவிட்டுக் குடவாசலில் வந்து இறங்கிய ஜெகபர் அலிக்கு நாட்டைத் திருத்தும் வெறி பிடித்துக்கொண்டது. இனிமேல் லைசென்ஸ் தொல்லை இல்லாமல் யார் வேண்டுமானாலும் கம்பெனி தொடங்கலாமென்று சர்க்கார் சொல்லிவிட்டதாம். தொடங்கிவிட்டார். அங்கே கண்ணாடி நார், இங்கே தேங்காய் நார். ரெசின் பசையில் தோய்த்து அச்சில் சுற்றினால் தண்ணீர்க் குழாய்! இயற்கைக்கு இயற்கை, கெட்டிக்குக் கெட்டி.

சோதனை பண்ண வேறு எவன் வயலைக் கொடுப்பான்? மனைவி ஹலீமாவுக்கு அவள் அத்தா எழுதிவைத்த மூன்று மா நிலம்தான் அகப்பட்டது. போர்செட்டிலிருந்து நாற்றங்கால் வரை ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்த சிமெண்டுக் குழாயை உடைத்துப் போட்டார். ஆற்றில் இன்னும் தண்ணீர் விடவில்லை. குறுவைக்கு விதைவிட்டு ஆறு நாள். இந்த நாற்று போனால் ஹலீமாவுக்கு இந்த வருஷம் நடவே கிடையாது.

புது நார்க் குழாய் நன்றாகத்தான் இருந்தது, பொய் சொல்லக் கூடாது. ஆனால் ஒவ்வொரு முனையிலும் நாலு விரல் அகலத்துக்கு நார் பூச்சில்லாமல் அப்படியே தெரிந்தது.

"இங்க மட்டும் ஏன் மச்சான் ரெசின் பூசல?" என்று கேட்டாள் ஹலீமா.

"பூசிட்டா உள்ள நார் இருக்குன்னு எவனுக்குத் தெரியும்? பிளாஸ்டிக்குன்னு நெனச்சிட்டுப் போயிடுவான்."

"தண்ணி ஊறாதா?"

"நீ ஷார்ஜாவப் பாத்திருக்கியா?"

தீர்ந்தது விஷயம். பாஸ்போர்ட் இல்லாதவளுக்குத் தண்ணீரைப் பற்றி என்ன தெரியும்!

திறப்பு விழாவுக்கு யூனியன் சேர்மன் வந்தார். குழாய்க்கு மாலை போட்டார்கள். எட்டுப் பேர் மேலே ஏறி நின்று பார்த்தார்கள். முனையைத் தடவி, "அட, நாருதாங்க!" என்று சொல்லிவிட்டுப் பிரியாணிக்குப் போனார்கள்.

நாலாம் நாள் இணைப்புக்கு இணைப்பு குழாய் ஊறி, உப்பி, அடுக்கடுக்காகப் பிளந்துகொண்டது. தண்ணீரெல்லாம் வரப்போரப் பள்ளத்தில், தவளைகளுக்குக் கொண்டாட்டம். நாற்றங்காலில் வெடிப்பு விட்டு, நாற்று நுனி சுருண்டு கிடந்தது.

ஹலீமா சுருண்ட நாற்று ஒன்றைப் பிடுங்கி அவர் முன்னால் நீட்டினாள். "பதினோரு வருஷத்துல ஒரு குழாயையாவது இப்படி முனை பூசாம விட்டிருப்பீங்களா?"

ஜெகபர் அலி உப்பிய நாரை விரலால் அமுக்கிப் பார்த்தார்.

"அங்க நான் செஞ்சத எவன் ஹலீமா பாக்க வந்தான்?"

அவளுக்கு நெஞ்சைப் பிசைந்தது. பிசைந்து என்ன, நாற்றுக்கு அது தெரியுமா? போர்செட்டடியில் இரண்டு குடம் நிரப்பி அவர் முன்னால் வைத்தாள்.

"நான் பாக்குறேன். தூக்குங்க."