பத்து மணி வடை

காலை ஆறே காலுக்கு எங்கள் சமையலறையில் 'கடக்' என்று நொறுங்கிய வடை, பத்து மணிக்கு ஆவடியில் ரப்பர் துண்டு மாதிரி வளைந்தது. அதே மாவு, அதே கை, அதே வடை. நடுவில் மூன்றே முக்கால் மணி நேரம். அந்த நேரத்தில் டப்பாவுக்குள் என்னதான் நடக்கிறது என்று எனக்குப் புரியவில்லை.

அது எனக்குப் புரிந்தே ஆக வேண்டியிருந்தது. என் கணவர் ஹேமநாதன் ஆவடியில் ஒரு தொழிற்சாலையில் கிரேன் ஓட்டுகிறார். கொட்டகைக் கூரைக்குக் கீழே, முப்பது அடி உயரத்தில், ஒரு கண்ணாடிக் கூண்டில் உட்கார்ந்துகொண்டு, பத்து டன் இரும்பை முட்டையை வைப்பது போல் தரையில் இறக்கி வைப்பார். பத்தொன்பது வருடமாக அதுதான் அவர் நாற்காலி. செப்டம்பரில் நடந்த மருத்துவப் பரிசோதனையில் எடையும் ரத்தக் கொழுப்பும் அளவைத் தாண்டியிருந்தன. டிசம்பரில் மறுபடி பார்ப்போம், அதற்குள் குறையவில்லை என்றால் கூண்டிலிருந்து இறக்கி ஸ்டோரில் உட்கார வைத்துவிடுவோம் என்று சொல்லிவிட்டார்கள்.

அவர் பரோட்டாவை விட்டார். ராத்திரிச் சோற்றை விட்டார். சர்க்கரை இல்லாமல் டீ குடித்தார்.

"எல்லாத்தையும் வுட்டுட்டேன் நாகு. அந்தப் பத்து மணி வடைய மட்டும் கேக்காத. காத்தாலேர்ந்து கூண்டுல குந்திகினு கீறவனுக்கு அது ஒண்ணுதான் கெடைக்குது."

பத்து மணி டீயோடு கேன்டீனில் மூன்று மசால் வடை. தினமும்.

நான் அம்பத்தூர் எஸ்டேட்டில் பேரிங் தயாரிக்கும் ஒரு கம்பெனியில் சோதித்து பேக்கிங் செய்யும் பிரிவில் இருக்கிறேன். எதைப் பார்த்தாலும் அளக்க வேண்டும் என்று கை துறுதுறுக்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை வாணலியை எண்ணெயோடு தராசில் வைத்து எடை போட்டுக்கொண்டு, பன்னிரண்டு வடை சுட்டு எடுத்து, ஆறியதும் மறுபடி எடை போட்டேன். தொண்ணூறு கிராம் குறைந்திருந்தது. வடைக்கு ஏழரை கிராம்! பருப்பைப் பழி சொல்வதற்கில்லை. அந்த எண்ணெயால் மட்டுமே ஒரு வடைக்கு எழுபது கலோரி. அதே மாவை மெல்லியதாகத் தட்டி, மேலும் கீழும் பிரஷால் எண்ணெய் தொட்டுத் தடவி, வீட்டில் சும்மா கிடந்த ஏர் ஃப்ரையரில் வைத்தேன். பெயர்தான் பெரிது, உள்ளே ஒரு சூடான கம்பிச் சுருள், அதன் மேல் ஒரு விசிறி, அவ்வளவுதான். அனல் காற்று வடையைச் சுற்றிச் சுற்றி வந்து மேல்தோலின் ஈரத்தை உறிஞ்சிவிடும். பதினெட்டு நிமிடத்தில் வெளியே வந்த வடை நொறுங்கியது. ஒரு வடைக்கு ஒரே ஒரு கிராம் எண்ணெய்.

ஹேமநாதன் ஒன்றைக் கடித்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். "அட! சத்தம் வருதே. இத மாதிரி பத்து மணிக்கும் சத்தம் போடட்டும், அன்னிலேர்ந்து கேன்டீன் பக்கம் தல வச்சுப் படுக்க மாட்டேன்."

ஒப்பந்தம் அதுதான்.

மறுநாள் அவருக்கு மூன்று, எனக்கு மூன்று என்று சுட்டேன். சூடு ஆறாமல் இருந்தால் மொறுமொறுப்பும் போகாது என்று நம்பி, வீட்டிலேயே நல்ல ஹாட் பேக் இரண்டையும் எடுத்து, கொதிக்கக் கொதிக்கப் போட்டு மூடினேன். அவர் பைக்கில் கிளம்பினார். நான் பட்டாபிராமில் ரயில் ஏறினேன். பத்து மணி டீ நேரத்தில், என் எதிர் மேசையில் பேக் செய்யும் லோகநாயகி அக்கா என் வடையை எடுத்து இரண்டு கையாலும் வளைத்தார். வளைந்தது. விட்டார். நிமிர்ந்தது.

"இன்னாடி இது, மிதியடி மாதிரி கீது?"

சாயந்தரம் ஹேமநாதன் டப்பாவை மேசையில் வைத்தார். அவரோடு வேலை செய்யும் முகமது இஸ்மாயில் அண்ணன் சொன்னதை முதலில் சொன்னார்: "ஹேமா, வடைய மென்னுகினே இருந்தா அதுலயே எட கொறஞ்சிடும்டா."

பிறகு தன் தீர்ப்பையும் சொன்னார்: "எண்ணெயே காட்டாம வடை சுட்டா இப்டித்தான் நாகு. எண்ணெயில குளிச்சாத்தான் அது வடை."

எண்ணெய் இல்லாததுதான் காரணமா? அதையும் பார்த்துவிடலாம் என்று, மறுநாள் காலை ஒரே ஒரு வடையை மட்டும் எண்ணெயில் முக்கிப் பொரித்து, மற்றவற்றோடு அதே ஹாட் பேக்கில் போட்டுக் கொண்டுபோனேன். பத்து மணிக்கு அதுவும் வளைந்தது! எனக்கு ஒரே சந்தோஷம். லோகாக்கா என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

"வடை வீணாப்போச்சுன்னு சிரிக்கிற மொத ஆளு நீதான்டி."

"அக்கா, எண்ணெய் மேல தப்பே இல்ல. டப்பா மேலதான் தப்பு. கேன்டீன் வடை ஏன் மொறுமொறுன்னு இருக்கு? அப்பத்தான் வாணலியிலேர்ந்து வருது. அதையும் நாலு மணி நேரம் மூடி வெச்சா இப்படித்தான் ஆகும்."

மூடியைத் திருப்பிக் காட்டினேன். உள்பக்கம் முழுக்க வியர்த்துச் சொட்டிக்கொண்டிருந்தது. சூடான வடைக்குள் இருக்கும் ஈரம் ஆவியாகி மேலே போகிறது. வெளியே போக வழி இல்லை. மூடியில் பட்டுத் தண்ணீராகி, வந்த இடத்துக்கே திரும்பி, உலர்ந்த மேல்தோலில் இறங்குகிறது. சூட்டைக் காப்பாற்றுகிறேன் என்று நான் வடையை வேக வைத்துக்கொண்டிருந்தேன்.

அடுத்த நாள் வடையைக் கம்பித் தட்டில், மின்விசிறிக்குக் கீழே, இருபது நிமிடம் ஆறவிட்டேன். சாதாரணத் தட்டில் வைத்தால் அடிப்பக்கம் வியர்த்துவிடும். கம்பியில் வைத்தால் கீழேயும் காற்றுப் போகும். நன்றாக ஆறிய பிறகே சாதாரண எவர்சில்வர் டப்பாவில் போட்டு மூடினேன். பத்து மணிக்கு மூடி காய்ந்திருந்தது. வடை வளையவில்லை. ஆனால் நொறுங்கவும் இல்லை. 'கடக்' என்று கேட்க வேண்டிய இடத்தில் 'சொத்' என்று கேட்டது. அன்றும் ஹேமநாதன் மூன்று டோக்கனைக் கொடுத்துக் கேன்டீன் வடை தின்றுவிட்டு வந்தார்.

இந்த மிச்சம்தான் என்னைப் படுத்தியது. ஆவி இல்லை, சொட்டு இல்லை, பிறகு ஈரம் எங்கிருந்து வருகிறது? யோசித்தால் பதில் வடைக்குள்ளேயே இருந்தது. மேல்தோல் உலர்ந்திருக்கிறது, நடுவில் பருப்பு ஈரமாக இருக்கிறது. மூடிய டப்பாவுக்குள் இரண்டும் ஈரத்தைப் பங்கு போட்டுக்கொள்கின்றன. நடுவையும் உலர்த்திவிட்டால் சண்டை தீரும், ஆனால் அப்போது அது வடை இல்லை, தட்டை. மூடியைத் திறந்து வைக்கலாமென்றால், ஐப்பசி மழை. வெளிக்காற்றே ஈரத் துணியாக இருந்தது.

வெள்ளிக்கிழமை பேரிங் பெட்டிகளை மூடிக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு பெட்டியிலும் ஒரு குட்டிப் பொட்டலம் போடுவோம். உள்ளே கண்ணாடி மணி மாதிரி உருண்டைகள். பெட்டிக்குள் இருக்கும் ஈரத்தை எல்லாம் அவை குடித்துவிடும், பேரிங் துருப்பிடிக்காது. வருடக்கணக்காக என் கையாலேயே ஆயிரக்கணக்கில் போட்டிருக்கிறேன். அன்றைக்குத்தான் பொட்டலத்தைப் பிடித்த கை அந்தரத்தில் நின்றது.

"அக்கா! வடைக்கும் இதுதான் வேணும்!"

"ஐயையோ, தின்னக் கூடாதுன்னு மேலயே போட்டு கீது. புருசன ஒரேடியா மேல அனுப்பிடுவ போல."

"இது இல்லக்கா. இந்த மாதிரி. தின்கிற பொருளா, வடையோட தோலைவிடக் காய்ஞ்சதா, வடைக்கு முன்னாடி ஈரத்தைக் குடிச்சிடற மாதிரி ஒண்ணு."

"உப்பு ஜாடில அரிசி போட்டு வெப்பாங்களே."

போட்டுப் பார்த்தேன், சனிக்கிழமை. அரிசி ரொம்ப நிதானம். பத்து மணிக்குள் அது வாயைத் திறப்பதற்குள் வடைத் தோல் குடித்து முடித்துவிட்டது. கெட்டியான பொருள் உதவாது. பஞ்சு மாதிரி, உள்ளெல்லாம் ஓட்டை ஓட்டையாக இருக்க வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை ஃபிரிட்ஜ் மேல் தூசி தட்டும்போது ஒரு பை கையில் இடறியது. ஆயுத பூஜைப் பொரி. எங்கள் பக்கத்தில் எல்லா வீட்டிலும் இந்தப் பை இருக்கும். அவர் கிரேனுக்குப் பூஜை போட்டு ஒரு பை, எங்கள் கம்பெனி மிஷின்களுக்குப் பூஜை போட்டு ஒரு பை. இரண்டு நாள் கொறிப்போம், மிச்சத்தைக் கட்டி மேலே வைப்போம், மறந்துவிடுவோம். பையைப் பிரித்து நாலு பொரியை வாயில் போட்டேன். சவசவவென்று நமுத்துப் போயிருந்தது. துப்பப் போனவள் அப்படியே நின்றேன்.

நமுத்துப் போயிருக்கிறது! அப்படியென்றால் குடித்திருக்கிறது!

தராசை இழுத்தேன். அந்தப் பொரியில் நூறு கிராம் அளந்து, வெறும் வாணலியில் சின்னத் தீயில் ஐந்து நிமிடம் வறுத்து, மறுபடி வைத்தேன். தொண்ணூறு. பத்து கிராம் தண்ணீர் காற்றில் போயிருந்தது, பொரி 'கறுக் முறுக்' என்று உயிரோடு எழுந்திருந்தது. குடிக்கவும் செய்யும், வறுத்தால் கக்கவும் செய்யும். கம்பெனியில் பழைய பொட்டலங்களை அடுப்பில் காய வைத்துத் திரும்ப எடுப்பார்களே, அதே கதை! நான் கரண்டியோடு கூடத்துக்கு ஓடினேன்.

"இன்னா நாகு, பொரிய போய் எட போட்னுகீற? கடையில ஏமாத்திட்டானா?"

"நாளைக்குப் பாருங்க. நாளைக்குப் பாருங்க!"

திங்கட்கிழமை டப்பாவின் அடியில் வறுத்து ஆறிய பொரியைப் பரப்பி, மேலே ஆறிய வடைகளை வைத்து, இறுக்கி மூடினேன். அவருக்கு ஒன்று, எனக்கு ஒன்று. ரயிலில் டப்பாவை மடியிலேயே வைத்திருந்தேன். பத்து மணி வருவதற்குள் கடிகாரத்தை எத்தனை தடவை பார்த்தேன் என்று லோகாக்காவைக் கேட்டால் சொல்வார். மணி அடித்ததும் மூடியைத் திறந்து அவர் கையில் ஒன்றைக் கொடுத்தேன்.

கடக்.

அடுத்த மேசையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். "ஏய், இது எங்கடி வாங்கின?" என்றார் லோகாக்கா, வாய் நிறைய.

ஆனால் என் வடை நொறுங்குவது பெரிய விஷயமில்லை. ஹேமநாதனின் வடை நொறுங்கியதா? தொழிற்சாலைக்குள் போன் கொண்டுபோக முடியாது, வாசலிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள். சாயந்தரம் வரை காத்திருக்க வேண்டும். ஐந்தரைக்குப் பைக் சத்தம் கேட்டது. ஹேமநாதன் முகத்தை உம்மென்று வைத்துக்கொண்டு உள்ளே வந்தார்.

"ஒரு கம்ப்ளெய்ன்ட் கீது."

"வளைஞ்சிடுச்சா?"

"வடைய பத்தி இல்ல. இஸ்மாயில் அண்ணன் டப்பாவுல கையவுட்டு பொரிய அள்ளித் துன்னுட்டாரு. சவசவன்னு கீதாம். 'இன்னா ஹேமா, உன் சம்சாரம் வடைய இவ்ளோ மொறுமொறுன்னு சுட்டுட்டு, பொரிய மட்டும் ஊசிப்போனதா குடுத்தனுப்பி கீது'ன்னு கேக்கறாரு."

நான் கைதட்டிச் சிரித்தேன். பொரி நமுத்துப் போனதுதான் வடை நமுக்கவில்லை என்பதற்குச் சாட்சி! அவர் சட்டைப் பையில் கைவிட்டு, அன்றைக்குக் கொடுக்காத மூன்று கேன்டீன் டோக்கனை எடுத்து மேசையில் வைத்தார். முகம் மெல்ல மலர்ந்தது.

"நாளைக்கு நாலா போடு. ஒண்ணு இஸ்மாயில் அண்ணனுக்கு. மேல கூண்டுல குந்திகினு துன்னேன் நாகு, கீழ கீறவன் கூட சத்தம் கேட்டுட்டு அண்ணாந்து பாக்கறான்."

அன்று மாலையே இஸ்மாயில் அண்ணனின் மனைவி சபீனா போன் செய்து எப்படி என்று கேட்டாள். சொன்னேன். வடையைக் கம்பித் தட்டில் இருபது நிமிடம் ஆறவிடு. டப்பாவின் அடியில், வெறும் வாணலியில் வறுத்து ஆறிய பொரி இரண்டு கைப்பிடி. அதன் மேல் வடை. மூடியை இறுக்கி மூடு. பத்து மணிக்கு வடையைத் தின்ன வேண்டும், பொரியைத் தின்னக் கூடாது. வீட்டுக்குக் கொண்டுவந்து வறுத்தால் மறுநாளைக்கு அதே பொரி போதும்.